கோவிட் வந்து வீட்டில் இருப்பவருக்கு ஒரு நாள் கணக்கு

பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடும் விழுந்துவிட்டது. சரி. மாத்திரை, மாஸ்க் எல்லாம் இருக்கட்டும். முதலில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துத் தலைமாட்டில் வையுங்கள். அதில் முதல் வரியாக எழுத வேண்டியது பரிசோதனை செய்த தேதி இல்லை. தொண்டை கரகரத்ததோ, அடித்துப் போட்டதுபோல் உடம்பு வலித்ததோ, குளிர் எடுத்ததோ, முதல் அறிகுறி என்றைக்குத் தலைகாட்டியதோ அந்தத் தேதி. அதைப் பூஜ்ஜியம் என்று வைத்து, மறுநாளை 1, அதற்கடுத்த நாளை 2 என்று எண்ணிக்கொண்டே போங்கள். அறிகுறியே இல்லாமல் பரிசோதனையில் மட்டும் தெரிந்தவர்களுக்குப் பரிசோதனை நாள்தான் பூஜ்ஜியம்.

கோவிட் நாள் கணக்கில் நடக்கிற நோய். வைரஸைத் தடுக்கும் மாத்திரை தேவைப்படுகிறவர்கள் அதை முதல் 5 நாளுக்குள் தொடங்கியாக வேண்டும். நிலைமை மோசமாகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் நடக்கிறது. அடுத்தவருக்குத் தொற்றுகிற காலமும் நாள் கணக்குத்தான். டாக்டருக்குப் போன் செய்தால் முதலில் கேட்பதே "இன்றைக்கு எத்தனையாவது நாள்?" என்றுதான். எனக்கு முதல் தடவை வந்தபோது நான் பரிசோதனை செய்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பே தொண்டை வலித்ததைத் தூக்கக் கேடு என்று ஒதுக்கியிருந்தேன். 'நாலாவது நாள்தானே' என்று நான் நிம்மதியாக இருந்தபோது உண்மையில் 6ஆம் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டிலேயே சமாளிக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலேயே சரியாகிவிடும். ஆனால் சிலர் "ஒரு வாரம் பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது. 60 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், இதய நோய், நுரையீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள், தடுப்பூசியே போடாதவர்கள்: இவர்கள் தொற்று உறுதியான அன்றே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். பேசினால் மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் இரண்டும் சேர்ந்த பாக்ஸ்லோவிட் போன்ற மாத்திரைகள் இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கின்றன. அவற்றை வீட்டில் இருந்தபடியே 5 நாள் சாப்பிடலாம். 6ஆம் நாள் போய்க் கேட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரிட்டோனாவிர் மற்ற மருந்துகளோடு சட்டென்று மோதும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரை எனப் பட்டியல் நீளம். அதனால் நோட்டின் இரண்டாம் பக்கத்தில், தினமும் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் அட்டையைப் பார்த்து எழுதி வையுங்கள். "அந்த மஞ்சள் கலர் மாத்திரை" என்று போனில் சொன்னால் யாருக்கும் புரியாது. வழக்கமான பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சரியாகச் சாப்பிட முடியாமலோ, வாந்தி, வயிற்றுப்போக்காலோ உடம்பில் நீர் வற்றினால் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். அதை டாக்டரே முடிவு செய்யட்டும்.

அறையும் காற்றும்

பக்கத்து அறையில் ஒருவர் சிகரெட் பிடித்தால் அந்தப் புகை எங்கெல்லாம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். கோவிட் கிருமியும் ஏறக்குறைய அப்படித்தான் பயணம் செய்கிறது. மூச்சு விடும்போதும் பேசும்போதும் வெளியே வரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அதனால் அறைக்கதவை மூடி வைத்து ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் தனி அறையின் முதல் விதி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: குளிர்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, பேச்சுத் துணைக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். மேசை மின்விசிறி இருந்தால் அதை ஜன்னலைப் பார்த்து வைத்துக் காற்றை வெளியே தள்ளுங்கள்.

கழிப்பறை ஒன்றே ஒன்று என்றால், நோயாளி மாஸ்க் போட்டுக்கொண்டு போய்வரட்டும். முடிந்தால் மற்றவர்கள் குளித்து முடித்த பிறகு கடைசியாகப் போகட்டும். வெளியேறும்போது ஜன்னலைத் திறந்தோ காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டோ விட்டுவிட வேண்டும். மாஸ்க் என்று நான் சொல்வது என்95, எஃப்எஃப்பி2 மாதிரி மூக்கோடும் கன்னத்தோடும் இடைவெளி இல்லாமல் படிகிறவற்றை. துணி மாஸ்க் ஒன்றும் இல்லாததற்கு ஏதோ பரவாயில்லை. அறைக்குள் வந்து பார்த்துக்கொள்பவர் ஒரே ஆளாக, ஆரோக்கியமானவராக இருப்பது நல்லது. அவரும் மாஸ்க் போட வேண்டும், வெளியே வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதை உடைத்துவிடும். தட்டு, டம்ளருக்கும் வழக்கமான சோப்பே போதும். 2020இல் பால் பாக்கெட்டைக்கூடத் துடைத்துத் துடைத்து வைத்தோமே, அந்தச் சிரமம் இப்போது யாருக்கும் வேண்டாம். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்திருந்தால் அதைவிடப் பலன் இருந்திருக்கும்.

எத்தனை நாள்? உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது: அறிகுறி உள்ளவர்கள் 10 நாள், இல்லாதவர்கள் 5 நாள், அதற்கு முன்பே ரேப்பிட் ஆன்டிஜென் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால் முன்னதாகவே வெளியே வரலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 மார்ச்சில் இதை இன்னும் தளர்த்தியது. காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, உடம்பும் தேறி வந்தால் வெளியே போகலாம், அடுத்த 5 நாள் மாஸ்க் முதலிய கவனத்தோடு இருக்க வேண்டும் என்றது. நாட்டுக்கு நாடு விதி மாறும். உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். வீட்டில் வயதானவரோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால், விதி தளர்வாக இருந்தாலும் நான் 10 நாளைத்தான் எடுத்துக்கொள்வேன். இன்னொன்று: சரியாகிவிட்டதா என்று பார்க்க ஆர்டி-பிசிஆர் எடுக்காதீர்கள். செத்துப்போன வைரஸின் துணுக்குகளைக்கூட அது கண்டுபிடித்து, வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும்.

காய்ச்சல், வலி, தண்ணீர்

பெரியவர்களுக்கு பாரசிட்டமால் ஒரு தடவைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம். இரண்டு தடவைக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம். 24 மணி நேரத்தில் மொத்தம் 4000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைவாக இருப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் மது குடிப்பவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும், கேட்டுக்கொண்டு எடுங்கள். குழந்தைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம். அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம்.

இதில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. இரண்டாவது நாள் இரவு என் தலைமாட்டில் இரண்டு அட்டைகள் கிடந்தன. ஒன்று காய்ச்சலுக்கு, இன்னொன்று 'ஜலதோஷம், தலைவலி, மூக்கடைப்பு' என்று முன்பக்கம் போட்டது. பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டையும் போடப் போனவன், தற்செயலாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: இரண்டிலும் பாரசிட்டமால் 500. கூட்டு மருந்துகளில் இது ஒளிந்திருப்பது சர்வ சாதாரணம். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். போட்ட நேரத்தை நோட்டில் எழுதுங்கள். காய்ச்சலில் கிடக்கும்போது "மதியம் போட்டேனா இல்லையா" என்பது உண்மையிலேயே மறந்துபோகும்.

தெர்மாமீட்டர் 98.6 காட்டியே தீர வேண்டும் என்பதில்லை. வலியும் அனத்தலும் குறைந்து தூங்க முடிந்தால் போதும்.

தண்ணீர் போதுமா என்பதற்குச் சிறுநீரின் நிறம் நல்ல அளவுகோல். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி; அடர் மஞ்சளாகி, போவதும் குறைந்தால் இன்னும் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கரைத்துக் குடியுங்கள். அது கிடைக்காதபோது 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போட்டுக் கரைக்கலாம். தலைதட்டிய ஸ்பூன், குவித்த ஸ்பூன் அல்ல; உப்பு கூடினால் கெடுதல். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள் அந்த அளவிலேயே நிற்கட்டும். சர்க்கரை நோயாளிகள் சரியாகச் சாப்பிடாதபோதும் தொற்றினால் சர்க்கரை ஏறும் என்பதை நினைவில் வைத்து, வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். "சாப்பிடவில்லையே" என்று இன்சுலினை நிறுத்திவிடுவது ஆபத்து.

இருமலுக்குத் தேன் ஒரு ஸ்பூன் இதமாக இருக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் தொண்டைக்குச் சுகம், அவ்வளவுதான், வைரஸ் போகாது. ஆவி பிடிப்பதும் அப்படியே. அதில் கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோகிறவர்கள் உண்டு என்பதால், குழந்தைகளை அதன் பக்கமே விடாதீர்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை அது தொடாது. ஐவர்மெக்டின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டும் பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை. நான் அதிகம் பயப்படுவது ஸ்டீராய்டைப் பார்த்துத்தான். 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று காட்டியது. உண்மை. ஆனால் ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களுக்குத்தான் அந்தப் பலன். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை. செய்தியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, வீட்டில் இரண்டாம் நாளே அதை விழுங்கியவர்கள் சர்க்கரை எகிறிப் போய் நின்றார்கள்.

ஆக்சிமீட்டரை ஒழுங்காகப் பார்ப்பது

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் இந்தச் சின்னக் கருவிக்குப் பின்னால் இருக்கும் உத்தியை 1970களில் கண்டுபிடித்தவர் தகுவோ ஆயோகி என்ற ஜப்பானியப் பொறியாளர். உலகமே அதைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார்.

பார்க்கும் முறை: உட்கார்ந்து 5 நிமிடம் சும்மா இருங்கள். பேசாதீர்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, கையை நெஞ்சு உயரத்தில் எதன் மீதாவது சாய்த்து அசையாமல் வையுங்கள். முதலில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். எண் குதிப்பது நின்று நிலைக்க ஒரு நிமிடம்வரை ஆகலாம். நிலைத்த எண்ணை, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் பயம்தான் ஏறும்.

திரையில் இரண்டு எண் தெரியும். ஒன்று ஆக்சிஜன் அளவு, மற்றது நாடித்துடிப்பு. கருவியைத் திருப்பிப் பிடித்தால் சிலவற்றில் இடம் மாறித் தெரியும். நாடி 72 என்று காட்டியதை ஆக்சிஜன் 72 என்று படித்துவிட்டு வீடே அழுத கதையை என் உறவில் பார்த்திருக்கிறேன். சதவீதக் குறி எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எண்ணே உங்கள் சொந்த அளவுகோல். வழக்கமாக 98 காட்டுகிறவருக்கு 95 என்பது ஒரு செய்தி.

ஓய்வில் 95 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 93, 94 என்று திரும்பத் திரும்ப வந்தால் அன்றே, தள்ளிப்போடாமல் டாக்டரை அழையுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் அவசர உதவியை அழைக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கும்; அவர்களுக்கான எல்லையை அவர்களுடைய டாக்டர் சொல்ல வேண்டும். இந்தக் கருவி சில புள்ளிகள் முன்னே பின்னே காட்டக்கூடியது. கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்தது. தமிழில் இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இது பொருந்தும். எண் 95தான், ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால், மூச்சை நம்புங்கள்.

6ஆம் நாள் இரவு எனக்கு 91 காட்டியது. மணி மூன்று. வீட்டில் எல்லோரையும் எழுப்பப் போர்வையை விலக்கியபோதுதான் கவனித்தேன்: திறந்த ஜன்னல் பக்கமாக நீட்டிக் கிடந்த கை, விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஐஸ்போல் இருந்தது. அக்குளில் வைத்துச் சூடாக்கி, எழுந்து உட்கார்ந்து, மறு கையில் மாட்டினேன். 94, 95, அப்புறம் 96இல் நின்றது. அன்று நோட்டில் இருப்பது: '3.10, 91, கை சில்லிப்பு. 3.20, 96'. ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்த்தும் 91 என்றே இருந்திருந்தால் வீட்டை எழுப்பியிருக்க வேண்டியதுதான். காலைவரை காத்திருக்கிற எண் இல்லை அது.

கோவிட்டில் இதன் மறுபக்கமும் உண்டு. ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் மூச்சுத் திணறல் பெரிதாகத் தெரியாது. நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். ஆரம்ப இறக்கத்தைப் பிடிக்க ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. ஓய்வில் 96க்கு மேல் இருந்து, மூச்சு வாங்காமலும் இருப்பவர் மட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, அறைக்குள் 40 அடி எடுத்து வைத்து நடந்துவிட்டு மறுபடி பார்க்கட்டும். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தலைசுற்றினால் நடுவிலேயே நிறுத்திவிடுங்கள்.

5 முதல் 10ஆம் நாள்வரை

காய்ச்சல் விட்டு, கொஞ்சம் பசி எடுத்து, 'தப்பித்தோம்' என்று தோன்றுகிற நாட்கள் இவை. பலர் ஆக்சிமீட்டரைத் தூக்கி வைப்பதும் இப்போதுதான். 10ஆம் நாள்வரை வைக்காதீர்கள். தேறி வந்த உடம்பில் காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, இருமல் கூடினாலோ, குளியலறைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கினாலோ அதை அசதி என்று ஒதுக்க வேண்டாம்.

அவசர உதவியை உடனே அழைக்க வேண்டியவை இவை: சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சில் விடாத வலி அல்லது பாரம், புதிதாக வந்த குழப்பம், எழுப்பினாலும் விழிக்க முடியாத மயக்கத் தூக்கம், உதடு, நகம், ஈறு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுவது. இந்தப் பட்டியலை நோட்டின் முன்னட்டையில், அவசர எண்ணோடு, பெரிய எழுத்தில் எழுதி, பார்த்துக்கொள்பவரிடம் காட்டிவிடுங்கள். குழம்பிப் போனவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது.

என் அப்பாவுக்கு வந்தபோது, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் எப்போதும் சொன்னார். மனிதர் கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 7ஆம் நாள் அவர் வாக்கியத்தை முடிக்காமல் மூன்று சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு எடுப்பதைப் போனில் கேட்ட அத்தைதான் கண்டுபிடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து நான் யாரையும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதில்லை. "நேற்று ராத்திரி என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று பேச விட்டுவிட்டு மூச்சைக் கவனிக்கிறேன். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமோ கீழே விழுவதோ முதல் அறிகுறியாக இருக்கலாம்.

தனியாக வசிப்பவர்கள் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: காலையும் மாலையும் குறித்த நேரத்தில் போன், இரண்டு தடவை எடுக்கவில்லை என்றால் அவர் கதவைத் தட்ட ஆள் அனுப்ப வேண்டும். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள், மாற்றுச் சாவி ஒன்று வெளியே யாரிடமாவது இருக்கட்டும்.

குப்புறப் படுத்தால் மூச்சு சுலபமாக இருப்பதாகச் சிலர் உணர்வார்கள். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கு இதைச் செய்ய வைப்பதும் உண்டு. வீட்டில் சுகமாக இருந்தால் படுக்கலாம்; ஆனால் எண் குறைந்துவிட்டது என்பதற்காகக் குப்புறப் படுத்து நேரம் கடத்தக் கூடாது. படுத்தே கிடப்பதால் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள், அறைக்குள் நாலு எட்டு நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாகவே வந்து போகும். ஆனால் தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்துக் காய்ச்சல், வயிற்றுவலி, உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் உடனே காட்டுங்கள். அரிதான ஒன்று, ஆனால் காத்திருக்கக் கூடியது அல்ல. தாய்ப்பால் தருபவர்கள் மாஸ்க் போட்டுக் கை கழுவிவிட்டுத் தாராளமாகத் தொடரலாம்.

10ஆம் நாளுக்குப் பிறகு

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள், நானும் அப்படித்தான். நெகட்டிவ் வந்த மறுநாள் துணியெல்லாம் துவைத்து, அறையைக் கழுவி, மாலையில் மாடிப்படி ஏறி இறங்கினேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மதியம் சீப்பைத் தூக்க முடியவில்லை. அதுதான் இதன் தந்திரம்: அளவு மீறியதற்கான தண்டனை அப்போதே வராது, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும். அதனால் காரணமும் விளைவும் ஒட்டாமல், "நேற்று நன்றாகத்தானே இருந்தேன்" என்று தோன்றும். மறுபடி நோட்டை எடுங்கள். இடது பக்கம் அன்றைக்குச் செய்த வேலை, வலது பக்கம் மறுநாள் எப்படி இருந்தது. ஒரு வாரத்தில் உங்கள் எல்லை எது என்று தெரிந்துவிடும். அந்த எல்லைக்குக் கொஞ்சம் முன்பாகவே நிறுத்துவதுதான் வித்தை. களைத்த பிறகு ஓய்வெடுப்பது வேறு, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுப்பது வேறு. குளிக்கும்போது ஸ்டூல் போட்டு உட்காருங்கள். பெரிய வேலையை மூன்றாக உடைத்து இடையில் படுத்து எழுங்கள். கணினியும் போன் பேச்சும்கூட உழைப்பில் சேர்த்திதான்.

ஓட்டம், பளு தூக்குதல் எல்லாம் அறிகுறிகள் முழுக்கப் போய் ஒரு வாரமாவது ஆன பிறகுதான். அப்போதும் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தொடங்கி, சில நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டுங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொற்று சிலருக்கு இதயத் தசையில் அழற்சி உண்டாக்கும். முன்பு மைதானத்தில் கலக்கியவர்கள்தான் இதைக் கேட்காமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

படியேறி மூச்சு வாங்கினால் பதற வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, சுடச்சுட இருக்கும் ஸ்பூனை ஊதி ஆற்றுவதுபோல நீளமாக ஊதுங்கள். இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விட வேண்டும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் முன்னட்டைப் பட்டியலுக்குத் திரும்புங்கள். வறட்டு இருமல் சில வாரம் இழுப்பது சகஜம்.

வாசனை போனவர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை அது. கோவிட்டுக்கு வெகு முன்பே வந்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு மணங்கள். ஒவ்வொன்றையும் சுமார் 20 விநாடி மெதுவாக முகர வேண்டும், காலையும் இரவும், குறைந்தது 12 வாரம். முகரும்போது அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று மனத்தில் கொண்டுவர வேண்டும். முதல் வாரங்களில் வெறும் காற்றை முகர்கிறோம் என்றுதான் தோன்றும். எனக்கு முதலில் திரும்பியது கிராம்பு, அதுவும் மணமாக அல்ல, மூக்குக்குள் ஒரு குறுகுறுப்பாக. நடுவில் சிலருக்கு எல்லாமே தீய்ந்த நாற்றமாகத் தெரியும். பலருக்கு அது நரம்பு மறுபடி வளர்கிறபோது வருகிற கட்டம், பயிற்சியை விட வேண்டாம். வாசனை திரும்பும்வரை வீட்டில் எரிவாயுக் கசிவையும் கெட்டுப்போன உணவையும் உங்கள் மூக்கு காட்டிக்கொடுக்காது. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், மீந்த உணவின் மேல் தேதி எழுதுங்கள்.

4 வாரம் தாண்டியும் அசதி, மூச்சு வாங்கல், மறதி, படபடப்பு குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். தொற்று வந்து 3 மாதம் ஆன நிலையிலும் இருந்து, குறைந்தது 2 மாதம் நீடித்து, வேறு காரணம் சொல்ல முடியாத அறிகுறிகளை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தனி நிலையாகவே வரையறுத்திருக்கிறது. போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள். "எப்பவும் அசதியா இருக்கு" என்பதைவிட, 'செவ்வாய் 20 நிமிட நடை, புதன் மதியம்வரை படுக்கை' என்று எழுதியிருப்பது அவருக்கு அதிகம் உதவும்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அந்த நோட்டைத் தூக்கிப் போடாமல் ஆக்சிமீட்டரோடு ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். வீட்டில் அடுத்தவருக்கு வந்தால் உங்கள் 98, உங்கள் 6ஆம் நாள் எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆக்சிமீட்டரின் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து, தேவைப்படும் இரவில் எரியாது.